தேர்வுக்கு விலை வைத்த காலம்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளன்று, பங்குத்தந்தையர் பலருக்குக் காலைத் திருப்பலி முடிந்ததும் கால்கள் தாமாகவே பள்ளி அலுவலகத்தை நோக்கி நடக்கும். பங்குப் பள்ளியின் தாளாளர் என்ற முறையில் நாமும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறு நடந்திருக்கிறோம். "எத்தனை விழுக்காடு?" என்று கேட்போம். தலைமையாசிரியை வாய் திறக்கும் முன்பே முகத்தைப் பார்த்து எண்ணை ஊகிக்கும் பழக்கமும் வந்துவிட்டது. தேர்வு மாணவரை அளக்கிறது. தேர்ச்சி விழுக்காடு பள்ளியை அளக்கிறது. அந்த விழுக்காட்டை யார் அளப்பது என்ற கேள்வி மட்டும் நமக்கு நெடுங்காலம் எழவேயில்லை. இங்கிலாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றைப் படித்து வருகையில், கத்தோலிக்க ஏழைகளின் பள்ளிகளைப் பற்றிய பகுதியில்தான் அக்கேள்வி நம்மை வந்து பிடித்துக்கொண்டது. அந்த வரலாற்றை வாசகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இங்கிலாந்தில் மக்கள் வரிப்பணத்தில் நிறுவப்பெற்ற பொதுப் பள்ளிகள் 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பின்னரே பரவலாயின. அதற்கு முன்னர் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவை பெரும்பாலும் சமயச் சார்புள்ள சங்கங்களே. 1833ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இச்சங்கங்களுக்குப் பள்ளிக் கட்டடம் கட்ட 20,000 பவுன் வழங்கியது. அரசு உதவி அவ்வளவில்தான் தொடங்கிற்று. 1839இல் பணம் எவ்வாறு செலவாகிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டனர். கத்தோலிக்கருக்கு இவ்வுதவி 1847ஆம் ஆண்டில்தான் திறந்தது. அவ்வாண்டில் கத்தோலிக்க ஏழையர் பள்ளிக் குழு அமைக்கப்பட்டது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய குடும்பங்கள் லிவர்ப்பூல், மான்செஸ்டர் நகரங்களின் நிலவறைகளில் வந்து நிரம்பிய காலம் அது. அப்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய குருக்களின் கையில் காசு இல்லை. அரசு மானியம் அவர்களுக்கு மூச்சுக்காற்று என்றே சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் ஆய்வாளரின் பணி வேறுவிதமாக இருந்தது. அவர் கண்காணிப்பவராக அன்றி, ஊரூராகச் சென்று ஆசிரியருக்குத் துணை நிற்பவராக இருக்க வேண்டும் என்பது கல்விக் குழுவின் முதற் செயலரான கே-ஷட்டில்வொர்த்தின் எண்ணம். வகுப்பைக் கேட்பார், கட்டடத்தைப் பார்ப்பார், அடுத்த ஊரில் கண்ட நல்ல முறையொன்றை இங்கே எடுத்துரைப்பார். ஆனால் மானியத் தொகை ஆண்டுக்காண்டு ஏறிற்று. கிரிமியப் போர் கருவூலத்தைக் கரைத்திருந்தது. 1858இல் நியூகாசில் கோமகன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பெற்று, 1861இல் அறிக்கை தந்தது. மேல்வகுப்புகளில் சில பிள்ளைகளைப் பளபளப்பாகத் தயார் செய்து ஆய்வாளர் முன் நிறுத்திவிட்டு, கீழ்வகுப்புகளில் பெரும்பான்மைப் பிள்ளைகளை ஆசிரியர்கள் கைவிட்டுவிடுகின்றனர் என்பது அதன் குற்றச்சாட்டு. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே தேர்வு செய்து, தேர்ச்சியைப் பார்த்துப் பணம் தர வேண்டும் என்றது.

இக்குற்றச்சாட்டை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. பள்ளி நிர்வாகத்தில் இருப்போர் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்: கெட்டிக்காரப் பிள்ளைகளை முன் வரிசையில் அமர்த்துகிற கலை இன்றைக்கும் நமக்குத் தெரியாததா?

அறிக்கையைச் செயலாக்கியவர் ராபர்ட் லோ. 1859 முதல் கல்விக் குழுவின் துணைத் தலைவராக இருந்தவர்; ஆஸ்திரேலியாவில் வழக்குரைஞராகவும், இலண்டனில் 'தி டைம்ஸ்' நாளிதழின் தலையங்க எழுத்தாளராகவும் விளங்கியவர். பிறவியிலேயே நிறமிழந்த தோலும் வெண்முடியும் உடையவர். கண் பார்வை மிகக் குறைவு. இந்தக் கண் பார்வைச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும். புதிய முறை சிக்கனமாகவும் இருக்கும், திறமையாகவும் இருக்கும் என்று இரண்டையும் சேர்த்து வாக்களிக்க அவர் முன்வரவில்லை. செலவு குறையாவிட்டால் கல்வி உயர்ந்திருக்கும், கல்வி உயராவிட்டால் செலவாவது குறைந்திருக்கும் என்ற பொருளில் பாராளுமன்றத்தில் பேசினார். கேட்டவர்கள் சிரித்திருக்கக்கூடும். கணக்குப்பிள்ளையின் மொழி கல்விக்குள் நுழைந்த நாள் அது என்று நமக்குத் தோன்றுகிறது.

'திருத்திய விதித்தொகுப்பு' என்று பெயர் பெற்ற அவ்விதிகள் 1862இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் சாரம் இது. சராசரி வருகையில் ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். ஆண்டில் 200 தடவைக்கு மேல் வருகை தந்த பிள்ளைக்கு மேலும் 8 ஷில்லிங். ஆனால் அது தேர்வுக்கு உட்பட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்னி பிடித்துக்கொள்ளப்படும். மூன்றிலும் தவறினால் எட்டு ஷில்லிங்கும் போயிற்று. பாடத்திட்டம் ஆறு படிகளாக வகுக்கப்பட்டது. முதற்படியில் ஓரசைச் சொற்களாலான சிறு கதையை வாசித்தல், சொல்லச் சொல்ல எழுத்துகளைப் பலகையில் எழுதுதல், இருபது வரை எண்களை எழுதுதல், பத்துக்குள் கூட்டல் கழித்தல். ஆறாம் படியில் செய்தித்தாளிலிருந்து ஒரு சிறு பத்தியை வாசித்தலும், அத்தகையதைக் கேட்டு எழுதுதலும், கடைப் பட்டியல் கணக்குப் போடுதலும். நாடெங்கும் ஒரே படிகள், ஒரே அளவுகோல், ஒரே விலை. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் இத்தேர்விலிருந்து விலக்கு கிடைத்தது.

ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகள் கணக்கில் தவறினால் 26 ஷில்லிங் 8 பென்னி குறையும். அது யாருடைய பணம்? முன்பு ஆசிரியருக்கு அரசு நேரே தந்துவந்த ஊதிய உதவி நின்றுபோய், இப்போது முழுத்தொகையும் பள்ளி நிர்வாகியின் கைக்கு வந்தது. நிர்வாகியோ, தம் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள, 'மானியத்தில் இத்தனை பங்கு உமக்கு' என்று ஆசிரியரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். நிர்வாகி என்பவர் பெரும்பாலும் யார்? ஊரின் குருவானவர். அக்காலத்துப் பள்ளிகளின் துயரத்தை வாசிக்கும்போது, அதில் நம்மைப் போன்றோர் எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தோம் என்பது நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மந்த புத்தியுள்ள ஒரு சிறுவன் ஆசிரியரின் வீட்டு அடுப்பிலிருந்து 2 ஷில்லிங் 8 பென்னியை எடுத்துச் செல்பவனாக மாறினான். அவனை ஆசிரியர் எப்படிப் பார்த்திருப்பார்?

தேர்வு நாளைப் பற்றி அக்காலத்தவர் பலர் எழுதி வைத்திருக்கின்றனர். பெண் பிள்ளைகள் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை மேலாடையில் வருவர். ஆசிரியர் தம் ஒரே நல்ல கோட்டை அணிந்திருப்பார். ஆய்வாளரின் வண்டிச் சத்தத்துக்காகக் காதுகள் தீட்டப்பட்டிருக்கும். நோயுற்ற பிள்ளைகளைக்கூடப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து பெயர் அழைக்கும்போது நிறுத்தியதாகச் சொல்வார்கள். தலைக்கு ஒரு விலை இருக்கும்போது காய்ச்சல் ஒரு பொருட்டா? வாசிப்புத் தேர்வுக்கு உரிய நூலை ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் படித்து, பிள்ளைகள் மனப்பாடமே செய்துவிட்டிருப்பர். ஆய்வாளர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வாய் ஓடும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பிழையின்றி 'வாசித்த' பிள்ளைகளைப் பற்றிய கதைகள் ஏராளம். வரலாறு, நிலவியல், இசை முதலியவற்றுக்கு விலை வைக்கப்படாததால் அவற்றுக்கு நேரமும் இல்லாமற்போயிற்று. பின்னர், 1867 முதல், சில கூடுதல் பாடங்களுக்கும் விலை வைத்துப் பார்த்தார்கள். உடனே அவையும் வாசிப்பு நூலின் கதியை அடைந்தன. ஆறுகளின் பெயர்ப் பட்டியல் நிலவியல் ஆயிற்று.

இங்கே மத்தேயு ஆர்னால்டு என்ற பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில இலக்கியம் பயின்றோர் அவரைக் கவிஞராகவும் திறனாய்வாளராகவும் அறிவர். 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்டது பள்ளி ஆய்வாளர் வேலைதான். (அவருடைய தம்பி தாமஸ் 1856இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, நியூமன் தலைமை வகித்த டப்ளின் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் என்பது நம்மவர்க்குச் சுவை தரும் செய்தி.) 1862இல், புதிய விதிகள் விவாதத்தில் இருந்தபோதே, தம்மை வேலைக்கு வைத்திருக்கும் துறையின் கொள்கையை எதிர்த்து, பெயர் குறிப்பிடாமல் ஓர் இதழில் அவர் நீண்ட கட்டுரை எழுதினார். எழுதியவர் யார் என்பது மறைந்து கிடக்கக்கூடியது அன்று. வேலை போகலாம் என்பதை அறிந்தே எழுதினார். விதிகள் நடைமுறைக்கு வந்தபின் தம் ஆண்டறிக்கைகளிலும் அதையே சொன்னார்: தேர்வில் வெற்றி பெற்ற பிள்ளை தன் பாட நூலை வாசிக்கிறானே தவிர, முன்பின் பாராத வேறொரு நூலைக் கொடுத்தால் திணறுகிறான், தேர்ச்சி எண்ணிக்கை உயர்கிறது, பள்ளிக்குள் அறிவின் உயிர்த்துடிப்பு தாழ்கிறது.

நாம் குருமடத்தில் சாமுவேலின் நூல்களைக் கற்றபோது, தாவீது அரசர் மக்கள் தொகையைக் கணக்கெடுத்தது ஏன் பாவமாயிற்று என்று பேராசிரியரிடம் கேட்டது நினைவுக்கு வருகிறது. அன்று கிடைத்த விடைகள் பல. எதுவும் மனத்தில் நிற்கவில்லை. ஆனால் அக்கதையில் யோவாபு செய்தது நின்றது. கணக்கெடுக்க அனுப்பப்பட்டவனே அவன்தான். அவனே அரசரிடம் இது எதற்கு என்று கேட்டான். அரசரின் சொல் வென்றது; யோவாபு போய் எண்ணினான். குறிப்பேட்டின் முதல் நூல் தரும் செய்தியின்படி, லேவியரையும் பென்யமின் குலத்தாரையும் அவன் எண்ணவில்லை. அரச கட்டளை அவனுக்கு அருவருப்பாக இருந்ததாம். ஆர்னால்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் எண்ணிக்கொண்டே இருந்தார், எதற்கு என்று கேட்டுக்கொண்டும் இருந்தார்.

ஆனால் எண்ணுகிறவன் கேட்கும் கேள்வி அரசரின் காதுக்கு எட்ட வேண்டுமே! அங்கேதான் இவ்வரலாற்றின் மையமான நிகழ்ச்சி வருகிறது. ஆய்வாளர்களின் ஆண்டறிக்கைகள் தொகுக்கப்பெற்றுப் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படுவது வழக்கம். பாராளுமன்றம் கல்வித்துறையை மேற்பார்வையிட அதற்கு இருந்த முதன்மையான சாளரம் அதுவே. லோ பதவியில் இருந்த காலத்தில் ஒரு நடைமுறை உருவாயிற்று. ஆய்வாளர் தாம் பார்த்த பள்ளிகளின் நிலையை மட்டுமே எழுத வேண்டும். கொள்கையைப் பற்றிய கருத்து இருந்தால் அறிக்கை அவருக்கே திருப்பி அனுப்பப்படும். அவர் திருத்தித் தர மறுத்தால் அச்சேறாது. எந்த வரிகள் உறுத்துகின்றன என்று சுட்டிக்காட்டும் அடையாளங்களுடனேயே சில அறிக்கைகள் திரும்பி வந்தன.

1864 ஏப்ரல் 12ஆம் நாள் ராபர்ட் செசில் பிரபு பொதுச் சபையில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பின்னாளில் சாலிஸ்பரி பிரபு என்ற பெயரில் மும்முறை தலைமை அமைச்சராக விளங்கியவர் இவரே. ஆய்வாளர்களின் அறிக்கைகள் சிதைக்கப்படுகின்றன, துறையின் கருத்துக்கு மாறானவை விலக்கப்படுகின்றன என்பது அவரது குற்றச்சாட்டு. குழந்தைகளின் மீது கொண்ட அக்கறையைக் காட்டிலும் எதிர்க்கட்சிக்குரிய வேகமே அவரிடம் மிகுந்திருந்தது என்று கருத இடமுண்டு. ஆயினும் கேள்வி சரியான கேள்வி. அடையாளமிடப்பட்ட அறிக்கை அவையில் காட்டப்பட்டது. 101 வாக்குகள் தீர்மானத்துக்கு ஆதரவாகவும் 93 எதிராகவும் விழுந்தன. சில நாள்களில் லோ பதவி விலகினார்.

அவர் கூறிய விளக்கம்தான் நம்மை இன்றுவரை சிந்திக்க வைக்கிறது. அவ்வடையாளங்களை அவர் பார்த்ததே இல்லையாம். கண் பார்வை குறைந்தவராதலால் தாள்களைப் பிறர் வாசிக்கக் கேட்பதே அவர் வழக்கம்; அடையாளமிட்டது அலுவலகம். அவர் பொய் சொன்னதாக நாம் கருதவில்லை. பின்னர் அமைந்த விசாரணைக் குழுவும் அவர்மீது குற்றமில்லை என்றது. அதே ஆண்டிலேயே அத்தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. நான்கு ஆண்டுகளில் அவர் நிதியமைச்சரும் ஆனார். ஆனால் எண்ணிப் பாருங்கள்: நாட்டின் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அளக்க ஓர் அளவுகோலைச் செய்த மனிதருக்கு, அந்த அளவுகோல் என்ன செய்கிறது என்று எழுதி வந்த தாள்கள் தம் மேசையிலிருந்தே கோடிட்டுத் திரும்பியது தெரியவில்லை.

மேலே நடந்தது இது. கீழே நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதிய விதிகள் ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் ஒரு நாட்குறிப்பேடு வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டன. வருகை, பாட முன்னேற்றம், நோய், மழை, அறுவடை விடுப்பு எல்லாம் அதில் ஏற வேண்டும். ஆய்வாளரின் முடிவும் அதில் படி எடுத்து எழுதப்பட வேண்டும். அதே விதி இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது: பொதுவான கருத்துகளோ சிந்தனைகளோ அக்குறிப்பேட்டில் இடம்பெறலாகாது. வகுப்பறையில் நாள்தோறும் நின்ற ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதற்குத் தாளில் இடமில்லை. ஆண்டுக்கொருமுறை வந்துபோன ஆய்வாளர் என்ன நினைக்கிறார் என்பது அச்சுக்கூடத்துக்குப் போகும் வழியில் நின்றுவிடுகிறது. இடையில் எண்கள் மட்டும் தங்குதடையின்றி மேலே ஏறின. எண்கள் நற்செய்தியே சொல்லின. 1861இல் ஏறக்குறைய 8,13,000 பவுனாக இருந்த மானியம் 1865இல் ஏறக்குறைய 6,37,000 பவுனாக இறங்கியது. வருகை கூடியது. சிக்கனம் வென்றது என்று சொல்ல யாருக்கும் தடையில்லை.

இத்தோடு நிறுத்தினால் நாம் ஒருபக்க நியாயம் பேசியவர் ஆவோம். இம்முறைக்கு ஒரு நன்மை இருந்தது. அதைக் கண்டவர்களுள் நம் தமிழ்க் கத்தோலிக்க வரலாற்றோடு நெருங்கிய ஒருவரும் உண்டு. அவர் கிறிஸ்தோபர் பொன்ஜான் ஆண்டகை. பிரான்சு நாட்டினரான இவர் முதலில் கோயமுத்தூர்ப் பகுதியில் மறைப்பணி ஆற்றினார். பின் யாழ்ப்பாணம் சென்று அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, 1868இல் யாழ்ப்பாணத்தின் ஆயர் பொறுப்பை ஏற்று, இறுதியில் கொழும்பின் முதல் பேராயராக 1892இல் மறைந்தார். அவர் யாழ்ப்பாணம் வந்தபோது பள்ளிக்கூடம் என்றாலே பெரும்பாலும் சீர்திருத்தச் சபையினரின் பள்ளிதான். அரசுப் பள்ளியிலும் அவர்களின் செல்வாக்கே மேலோங்கியிருந்தது. கத்தோலிக்கப் பிள்ளை ஒன்று விசுவாசத்தை இடரில் வைத்துப் படிக்க வேண்டும், இல்லையேல் படிக்காதிருக்க வேண்டும்.

பொன்ஜான் ஆண்டகை இதற்கு ஒரு வழி கண்டார். அரசு எங்கள் மறைக்கல்விக்குப் பணம் தர வேண்டாம்; அதை நாங்கள் எங்கள் செலவில் கற்பித்துக்கொள்கிறோம். கணக்கும் எழுத்தும் வாசிப்பும் பிள்ளைக்கு வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் அதற்குரியதைத் தாருங்கள். எந்தச் சமயத்தார் பள்ளி என்று கேளாதீர்கள். இதுவே அவர் வாதம். 1867இல் அறிக்கை தந்த மோர்கன் குழுவின் பரிந்துரைகளில் அது எதிரொலித்தது. 1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததும், அடுத்த ஆண்டே தேர்ச்சிக்கேற்ற மானியம் நடைமுறைக்கு வந்தது. கத்தோலிக்கப் பள்ளிகள் எழத் தொடங்கின. இங்கிலாந்தில் ஆர்னால்டு எதிர்த்துப் போராடிய அதே அளவுகோலை யாழ்ப்பாணத்தில் நம் ஆயர் கை நீட்டி வரவேற்றார்.

யார் சொன்னது சரி? நாம் பல நாள் இதை எண்ணிப் பார்த்திருக்கிறோம். ஒரே மாதிரியான தேர்வுக்கு முகம் தெரியாது. சிறுபான்மையினரின் பிள்ளை ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று எழுதினால், அதைத் தவறென்று சொல்ல எந்த அதிகாரியாலும் இயலாது. வேண்டியவர் வேண்டாதவர் பார்த்துப் பணம் பங்கிடும் ஊரில் அது ஒரு கோட்டைச் சுவர். ஆண்டகை தேடியது அச்சுவரை. ஆர்னால்டு கண்டதோ அச்சுவருக்கு உள்ளே காற்று வராததை. இருவரும் உண்மையைத்தான் கண்டனர். விடை யாரிடம் என்பதைவிட, சுவரில் சாளரம் வைக்க யாருக்கு உரிமை இருந்தது என்று கேட்பதே பயனுள்ளதென நமக்குப் படுகிறது.

சென்னை மாகாணத்திலும் 1860களின் பிற்பகுதி முதல் இம்முறை வேரூன்றியது. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், ஓலையும் மணலும் வைத்துக் கற்பித்து, மாணவர் வீட்டு நெல்லையும் பண்டிகைக் காசையும் நம்பி வாழ்ந்தவர்கள். அவர்கள் முன்னும் தேர்வுப் பட்டியலோடு அதிகாரி ஒருவர் வந்து நிற்கலானார். 1882இல் அமைந்த ஹண்டர் ஆணையம், நாட்டு முறைத் தொடக்கப் பள்ளிகளுக்கு இம்மானியமே ஏற்றது என்று பரிந்துரைத்தது. அதே பத்தாண்டில் இங்கிலாந்து இதைக் கைவிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. எசமானன் களைந்த சட்டை வேலைக்காரனுக்கு வருவதுபோல என்று சொன்னால் கசப்பாக ஒலிக்கலாம். ஆயினும் நடந்தது அதுதான். கர்சன் பிரபுவின் ஆட்சியில் 1904இல் கல்விக் கொள்கைத் தீர்மானம் வெளிவந்ததை ஒட்டிய ஆண்டுகளில்தான் இந்நாட்டில் அது மறைந்தது.

இங்கிலாந்தில் முடிவு மெல்ல வந்தது. 1886 முதல் 1888 வரை அமர்ந்த கிராஸ் ஆணையத்தின் முன் ஆசிரியர்கள் இறுதியாக வாய் திறந்து சாட்சி சொன்னார்கள். 1890ஆம் ஆண்டு விதிகள் பிள்ளைக்கொரு விலை என்பதை நீக்கின. 1895இல் ஆண்டுத் தேர்வுக்கு மாற்றாக ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கும் முறை வந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் எஞ்சியிருந்ததும் போயிற்று. எட்மண்ட் ஹோம்ஸ் என்பவர் 1875 முதல் ஆய்வாளராக இருந்து, தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக உயர்ந்தவர். ஓய்வு பெற்றபின் 1911இல் ஒரு நூல் வெளியிட்டார். முப்பதாண்டுக்கும் மேல் கட்டப்பட்டுக் கிடந்த ஆசிரியர்களுக்கு, கட்டு அவிழ்ந்த பிறகும் எழுந்து நடக்கத் தெரியவில்லை என்பது அவர் கண்டது. தாமும் அந்தக் கட்டில் ஒரு முடிச்சாக இருந்ததைப் பிற்காலத்தில் அவர் மறைக்காமல் எழுதினார்.

அந்த ஒப்புதலைப் படித்தபின் நாமும் நம்முடையதைச் சொல்லாமல் இருப்பது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன், நாம் தாளாளராக இருந்த ஒரு பள்ளியில், பத்தாம் வகுப்பில் ஒன்பது பேர் தேறமாட்டார்கள் என்று அரையாண்டுத் தேர்விலேயே தெரிந்துவிட்டது. முந்தைய ஆண்டு 96 விழுக்காடு. "ஃபாதர், இந்த ஒன்பது பேரையும் வைத்துக்கொண்டு நூறு வராது" என்றார் தலைமையாசிரியையான அருட்சகோதரி. அவர் கேட்டது சிறப்பு வகுப்புக்கு இன்னும் இரண்டு ஆசிரியர்கள். நாம் சொன்னது வேறு. பெற்றோரை அழைத்துப் பேசினோம். பிள்ளைகள் தனித்தேர்வர்களாக எழுதட்டும், அதுவே அவர்களுக்கு நல்லது என்றோம். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துகள் ஏறின. மே மாதம் நூறு விழுக்காடு வந்தது. ஞாயிறு திருப்பலியில் அறிவித்தோம்; மக்கள் கைதட்டினார்கள். பள்ளி வாயிலில் பதாகை தொங்கியது. ஆய்வுக்கு வந்த அதிகாரி பார்வையாளர் பதிவேட்டில் பாராட்டி எழுதினார். அவருக்கு ஒன்பது பேரைப் பற்றித் தெரியாது. தெரிவதற்குப் பதிவேட்டில் பத்தியும் இல்லை.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, அவ்வொன்பதின்மரில் ஒருவனின் தாய் கெபிக்கு அருகில் நின்றார். "தோத்திரம் சாமி" என்றார். நாமும் கை குவித்தோம். அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

அருட்சகோதரி மாற்றலாகிச் சென்ற நாளில், சாவிக்கொத்தோடு ஒரு பழைய நாற்பது பக்க நோட்டையும் மேசைமீது வைத்துச் சென்றார். அதில் அந்த ஒன்பது பெயர்களும், ஒவ்வொன்றின் எதிரே அவர் விசாரித்து அறிந்தவையும் இருந்தன. மூவர் தனித்தேர்வு எழுதித் தேறவில்லை, நால்வர் எழுதவேயில்லை, அவர்களுள் இருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஒரு பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டது, ஒருவனைப் பற்றித் தகவல் இல்லை. அவர் கருத்து எதையும் எழுதவில்லை. நாம் பங்கு மாறிய பிறகும் அந்நோட்டு நம்மிடமே இருக்கிறது. இதுவரை மூவரை நேரில் கண்டு பேசியிருக்கிறோம். ஒருவன் இவ்வாண்டு மீண்டும் தேர்வு எழுத விண்ணப்பித்திருக்கிறான்; கணக்குச் சொல்லித் தர ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள்.